யார் அனுப்பியது என்று கேட்காத ஊர்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. ஒட்டினாலும் கொழும்புக்கு வந்து சேருவதற்குள் யாராவது உடைத்துப் பார்க்கத்தான் போகிறார்கள். அவர்களுக்கு ஏன் அந்தச் சிரமம்? இடையில் நின்று வாசிக்கிற ஐயா யாராக இருந்தாலும் அவருக்கும் என் வணக்கம். இதில் குண்டும் இல்லை, இயக்கமும் இல்லை. ஒரு தாய் தன் மகனுடைய உத்தியோகத்தைப் பற்றிச் சந்தேகப்படுகிறாள், அவ்வளவுதான். சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது என்று உன் அப்பா சொல்லுவார். திருகோணமலை உட்துறைமுக வீதியில் அறைகளை வாடகைக்கு விட்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சோறு போட்டு இந்தச் சண்டைக்காலத்தை ஓட்டுகிற ஒருத்தி சந்தேகப்படாமல் என்ன செய்வாள்? படுக்கை விரிப்பை மூலைக்கு மூலை பிடித்து அழகாக மடித்து வைத்துவிட்டுப் போகிறவனைக் கண்டால், இவன் எந்த முகாமில் பழகினவன் என்று யோசிப்பேன். சம்பலை அளவுக்கு மிஞ்சிப் புகழ்கிறவனைக் கண்டால், இவன் வாடகை தராமல் ஓடப்போகிறான் என்று யோசிப்பேன். பெரும்பாலும் என் கணக்குத் தவறியதில்லை. ஒரே ஒருவனிடம் தவறியது. அவனைப் பற்றித்தான் உனக்கு எழுதப்போகிறேன்.

அதற்கு முன்னால், போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கதைத்ததை நான் எப்படிக் கேட்டேன் என்று சொல்லவேண்டும். சந்தோசத்தில் உனக்கு மூச்சு வாங்கியது. கொழும்பில் ஒரு மன்றத்தில் உத்தியோகம் கிடைத்துவிட்டது என்றாய். அரசாங்கம் காலநிலைக் கொள்கை ஒன்றை எழுதப்போகிறது, எந்தத் தொழிற்சாலை எவ்வளவு புகை விடலாம், அந்தக் கணக்கை யாருக்குக் காட்டவேண்டும், நிலக்கரி எரிக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அதில் வரும், அதற்கு முன்னால் மாவட்டம் மாவட்டமாகப் போய்ச் சனத்தின் கருத்தைத் திரட்டி அமைச்சில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் உன் வேலை என்றாய். 'நாளைய பசுமை மன்றம்' என்று நீ பெயரைச் சொன்னபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இவ்வளவு குளிர்ச்சியான பெயரை வைத்துக்கொண்டு எதை மூடுகிறார்கள் என்றுதான் என் புத்தி முதலில் போனது. முதல் கூட்டம் திருகோணமலையில், பாலையூற்றுப் பாடசாலை மண்டபத்தில், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பின்னேரம் என்று சொல்லிவிட்டு, "அம்மா, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும், சனம் வந்திடும்" என்றாய்.

"ஆர் மகன் இதுக்கெல்லாம் காசு குடுக்கிறது?" என்று நான் கேட்டேன்.

"உறுப்பினர்கள் அம்மா."

"உறுப்பினர் எண்டால் ஆர்?"

"சில கொம்பனிகள். பேர் வெளியில சொல்லுறேல்லை. அது வழமை."

அதற்குப் பிறகு நான் பேசாமல் இருந்தேன். அம்மா சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்து நீ அலுவலகம் தருகிற வான் வண்டியைப் பற்றியும் குளிரூட்டிய அறையைப் பற்றியும் கதைக்கத் தொடங்கிவிட்டாய். இந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு நான் பேசாமல் இருப்பதுதான் பயம் தந்திருக்கவேண்டும்.

எனக்கும் சந்தோசம்தான், அதை மறைக்கவில்லை. அந்த உத்தியோகத்தோடு உனக்கு ஓர் அலுவலக அட்டை தந்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பெயர் போட்டு, படம் ஒட்டி, முத்திரை குத்திய அட்டை. பிறந்த இடம் திருகோணமலை என்று எழுதிய அடையாள அட்டையை வைத்துக்கொண்டு கொழும்பில் வாழ்கிற ஒரு தமிழ்ப் பெடியனுக்கு அது எப்படிப்பட்ட பொருள் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கும்போது அந்த அட்டையைக் காட்டினால் உன்னை ஏறச் சொல்லுவார்கள். லொட்ஜைச் சுற்றி வளைக்கும்போது அந்த அட்டை இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிடுவார்கள். நீ அந்த அட்டையைப் பற்றிச் சொன்ன நாளில் இருந்து நான் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். அப்படியிருந்தும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்றால், விளையாட்டுக்கு எழுதவில்லை என்று உனக்கு விளங்கவேண்டும்.

இனி அந்த ஆளின் கதை. ஞானராஜ் என்று ஒருவர் எங்கள் மேல் அறையில் வந்து தங்கியிருந்தாரே, நினைவிருக்கிறதா? நீ பாடசாலையில் சின்ன வகுப்பில் இருந்தாய். வெள்ளைச் சேட்டும் மெல்லிய மீசையுமாக, எல்லோரிடமும் இரண்டு கையையும் கூப்பிக் கதைக்கிற மனிதர். கரையோர நலன்புரி மன்றத்தில் இருந்து வந்ததாகச் சொன்னார். பொலிசில் பதிவதற்காகப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வாங்கினேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று கொழும்பில் இருக்கிற உன் அலுவலகத்தாருக்கு விளங்காது, உனக்கு விளங்கும். இந்த ஊரில் ஒருவரிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: உங்களை யார் அனுப்பியது? வந்தவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கலாம், எத்தனை பிள்ளைகள் என்று கேட்கலாம். யார் அனுப்பியது என்று மட்டும் கேட்கமாட்டோம். பதில் தெரிந்துவிட்டால் அதுவே எங்களுக்கு வினை. நாளைக்கு வேறொருவர் வாசலில் வந்து நின்று அவன் யார் என்று கேட்கும்போது, தெரியாது என்று சொல்லவேண்டும். உண்மையாகவே தெரியாமல் இருந்தால்தான் முகம் காட்டிக்கொடுக்காது. சண்டை எங்களுக்குப் பழக்கிய மரியாதை இது. கதிரையைத் துடைத்துப் போடுவோம், தேத்தண்ணி கொடுப்போம், வாயை மூடிக்கொள்வோம்.

ஆனால் வாயை மூடினால் புத்தி சும்மா இருக்குமா? உன் அப்பா அப்போது துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. வேலைக்குப் போகிற வழியில் அவரை ஒவ்வொரு நாளும் சோதனைச் சாவடியில் நிறுத்தித் தட்டிப் பார்ப்பார்கள். அதே சாவடியில் ஞானராஜைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகவிடுவதை அவர் கண்டிருக்கிறார். ஆளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஊரில் எத்தனை வள்ளம் ஓடுகிறது, யார் கடலுக்குப் போகிறார்கள், யார் பேச்சைச் சனம் கேட்கும் என்று சிரித்துச் சிரித்து விசாரிப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, செத்த வீட்டில் நாலு பேர் கூடினாலே விளக்கம் சொல்லவேண்டிய காலத்தில், பெரிய கூட்டம் ஒன்று வைக்க அனுமதி வாங்கி வந்துவிட்டார். உன் அப்பா குசினிக்குள் வந்து என் காதுக்குள் சொன்னார். "இஞ்சேரும், இது சீ.ஐ.டி. தான். வேற கதை இல்லை." எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. ஊர் முழுக்க அதே நினைப்புத்தான். அதனால் கூட்டத்துக்கு எல்லோரும் போனோம். போகாதவர்களின் பெயரைக் குறித்துக்கொள்வான் என்ற பயம்.

கூட்டம் நகரத்துக்குள் ஒரு வாசிகசாலையில் நடந்தது. குச்சவெளியில் இருந்து மீன்பிடிக்கிறவர்கள் கரைவீதி பஸ்ஸில் ஏறி, சாவடி சாவடியாக இறங்கி ஏறி வந்திருந்தார்கள். கடலுக்குப் போகிற பாஸ் நேவியின் கையில் இருக்கிறது. அந்தப் பாஸ் போனால் அடுப்பு எரியாது. கிளிவெட்டியில் இருந்து வந்த வயற்காரர்கள் பின்வரிசையில் தலையைக் குனிந்து கொண்டு இருந்தார்கள். ஞானராஜ் மேசைக்குப் பின்னால் நின்று கைகூப்பினார். குடாவின் கரையில் ஒரு பெரிய மின் நிலையம் வரப்போகிறது, கப்பலில் நிலக்கரி வந்து இறங்கும், பெடியன்களுக்கு வேலை கிடைக்கும், விளக்கு எரியும் என்று அழகாகச் சொன்னார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"ஆனால் கொழும்பில சில பேர் புகை, காற்று, காலநிலை எண்டு புது விதி ஒண்டு போடப் பாக்கினம். எவ்வளவு புகை விடுறம் எண்டு கணக்குக் காட்டவேணுமாம், அதுக்கு ஓர் எல்லை வேணுமாம், சனத்தைக் கூப்பிட்டு விசாரணை வைக்கவேணுமாம். அந்த விதி வந்தால் உங்களுக்கு மின்சாரம் வராது. நீங்கள் என்ன சொல்லுறியள்? விதி வேணுமோ, மின்சாரம் வேணுமோ?"

சீ.ஐ.டி. என்று நினைக்கிற ஆளுக்கு யார் மாற்றிச் சொல்லுவார்கள்? "நீங்கள் சொல்லுறது சரி ஐயா" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள். கிளிவெட்டிக்காரர் ஒருவர் கேள்வி முடியும் முன்னமே சரி என்றுவிட்டார். விதி என்றால் என்ன, காலநிலை என்றால் என்ன என்பதெல்லாம் யாருடைய மனதிலும் இல்லை. வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும், அதுதான் மனதில் இருந்தது. ஒரே ஒருவர் மட்டும் எழும்பினார். கிண்ணியா ஹனீபா நானா. மீன் வாங்கி விற்கிற வியாபாரி, உன் அப்பாவுக்குப் பழைய கூட்டாளி, உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு படகு காட்டின மனிதர்.

"ஐயா, ஒரு சின்ன விசயம். கடல் தண்ணியை உள்ளுக்கு எடுத்துச் சூடாக்கித் திருப்பிக் குடாவுக்குள்ள விடுவாங்களாமே? அப்பிடி விட்டா மீனு..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. உன் அப்பா அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தார். "இருங்கோ நானா! ஆள் ஆர் எண்டு தெரியாமல் கதைக்காதேங்கோ." நானா தொப்பென்று கதிரையில் இருந்தார். ஞானராஜ் ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தார், சிரித்தார், வேறு கேள்வி இல்லைத்தானே என்றார். எல்லோருக்கும் சோடா கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு உன் அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "இண்டைக்கு நானாவைக் காப்பாத்திப் போட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த நாள் ஹனீபா நானா நன்றி சொல்லிக் காய்ந்த இறால் ஒரு பை கொண்டுவந்து தந்தார். அதை நான்தான் பொரித்தேன், நீதான் முக்கால்வாசியைத் தின்றாய்.

பிறகு அந்த ஆளை மறந்துவிட்டோம். நல்லபடியாகப் போய்த் தொலைந்தானே என்றிருந்தது. சண்டை கொஞ்சம் ஓய்ந்து பாதை திறந்த காலத்தில், ஒரு காலை, வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றது. கதவில் ஒரு பெரிய கொம்பனியின் பெயர் பளிச்சென்று எழுதியிருந்தது. அதற்குள் இருந்து ஞானராஜ் இறங்கினார். சேட்டுப் பையிலும் அதே பெயர். "அக்கா, உங்கட இடியப்பத்துக்காகத்தான் வேற இடத்தில தங்காமல் வந்தனான்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, பழைய கதிரையில் உட்கார்ந்தார். நான் இடியப்பமும் சொதியும் வைத்தேன். உன் அப்பாவும் கூட இருந்து சாப்பிட்டார்.

"அக்கா, அண்ணை, நீங்கள் எல்லாரும் செய்த உதவியை மறக்க ஏலாது" என்றார்.

"நாங்கள் என்ன உதவி செய்தனாங்கள்?"

"அந்த விதி நிண்டு போச்செல்லே! அமைச்சில நாங்கள் சொன்னது ஒண்டுதான். கரையில இருக்கிற சனமே விதி வேண்டாம் எண்டு சொல்லுது, அதுகும் சண்டைக்குள்ள கிடக்கிற சனம் சொல்லுது எண்டு சொன்னம். அதுக்குப் பிறகு அங்க ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

உன் அப்பாவுக்குச் சோறு இறங்காதபோது வரும் அந்த முகம் வந்தது. "அப்ப நீங்கள் சீ.ஐ.டி. இல்லையோ?" என்று கேட்டார்.

ஞானராஜ் சிரித்த சிரிப்பில் சொதி மூக்கில் ஏறிவிட்டது. கண்ணில் நீர் வர வர இருமினார். "நானோ? ஐயோ அண்ணை, நான் கொம்பனி ஆள். அப்பவும் கொம்பனி, இப்பவும் கொம்பனி. நீங்கள் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை!"

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பியளோ?" என்று நான் கேட்டேன்.

பொய் சொல்ல அவசியம் இல்லாத காலம் அல்லவா, உள்ளதைச் சொன்னார். "மன்றம் எண்டுதான் சொல்லியிருப்பன் அக்கா. அப்பிடித்தான் சொல்லச் சொன்னவை."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கோபம் என்று கூடச் சொல்லமுடியாது. என் வீட்டில் தங்கி, என் கையால் சாப்பிட்டு, என் வாய்க்குள் கையை விட்டு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு போய்க் கொழும்பில் விற்றுவிட்டு, அதற்கு நன்றி சொல்லவும் வந்திருக்கிறார். அவர் கெட்டவர் என்று கூட எனக்குத் தோன்றவில்லை. இன்னும் இரண்டு இடியப்பம் கேட்டார், வைத்தேன். சந்தேகப்படுவதில் நாங்கள் குறை வைக்கவில்லை, மகனே. ஆனால் சந்தேகப்பட எங்களுக்குத் தெரிந்தது துவக்கு வைத்திருக்கிறவனை மட்டும்தான். ஆமியா, நேவியா, இயக்கமா, அவர்களுக்குக் கதை கொண்டுபோகிறவனா என்று மட்டும் பார்த்தோம். இந்த நாட்டில் வேறொரு வகையான ஆட்களும் சனத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு திரிகிறார்கள் என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை. எங்கள் பயம் அவருக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. அவர் அதை உண்டாக்கவில்லை, எடுத்துப் பாவித்தார்.

அந்த மின் நிலையம் கடைசியில் வரவும் இல்லை. சண்டை திரும்பத் தொடங்கியதும் கொம்பனி தன் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. ஆனால் விதி போனது போனதுதான். அது எங்களுக்கு மட்டும் எழுதின விதியும் இல்லை, நாட்டுக்கே எழுதினது. எங்கேயோ ஓர் ஊரில் ஒரு புகைபோக்கிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு, இந்தப் புகையின் கணக்கை ஏன் எங்களுக்குக் காட்டுவதில்லை என்று கேட்க வழியில்லாமல் போனது, திருகோணமலைச் சனம் வேண்டாம் என்று சொன்னதால். அவர்கள் எங்களைத் திட்டியிருப்பார்கள். மழை பருவம் தப்பிப் பெய்து கிளிவெட்டியில் கதிர் சாயும்போதும், குச்சவெளியில் மீன் வழமையான இடத்தை விட்டுப் போய்விட்டது என்று சொல்லும்போதும், இதற்கும் எங்கள் வாயால் ஒரு சம்மதம் கொடுத்து வைத்திருக்கிறோமே என்று நினைப்பேன். புகைக்கும் மழைக்கும் உள்ள தொடுப்பை எனக்குச் சொல்லித்தந்தவன் நீதான். பல்கலைக்கழக விடுமுறையில் வந்து, இதே குசினியில், தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளைப் பிடித்து வைத்து ஒரு கட்டுரையை முழுக்க வாசித்துக் காட்டினாய். வெளிப்படைத்தன்மை, வெளிப்படைத்தன்மை என்று அதில் எத்தனை இடத்தில் வந்தது! அமைச்சின் வாசலில் எந்தக் கொம்பனி போய் நின்றது, எதைக் கேட்டது, எந்த மன்றத்துக்குக் காசு கொடுத்தது என்பதை எல்லோரும் பார்க்கும்படி எழுதிப்போடவேண்டும், அதைப் பார்க்கக் கொம்பனிக்கும் அமைச்சுக்கும் கட்டுப்படாத ஆட்கள் இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். பரிசும் வாங்கினாய். அந்தக் கட்டுரையை எழுதின பெடியன்தான் இப்போது பெயர் வெளியில் சொல்வதில்லை, அது வழமை என்கிறான். வழமையாம்! முதல் சம்பளம் வாங்கும் முன்னமே வழமை பழகிவிட்டதா?

உன் மன்றம் நல்லதாகவும் இருக்கலாம். நான் எல்லாம் தெரிந்தவள் இல்லை. காற்றாடி வைத்து மின்சாரம் எடுக்கிற கொம்பனிகள்தான் காசு கொடுக்கின்றனவோ என்னவோ. அப்படியானால் ஏன் ஒளிக்கவேண்டும்? கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தாலே, வெளிச்சம் வெளியில் வராத அளவுக்கு உபயம் இன்னார் என்று பெயர் எழுதுகிற சனம் நாங்கள். நல்ல காரியத்துக்குக் காசு கொடுக்கிறவன் பெயரை மறைப்பதை நான் இன்னும் காணவில்லை. கொம்பனிக்கும் வாய் இருக்கிறது, அது அமைச்சில் போய்க் கதைக்கட்டும், தனக்கு வேண்டியதைக் கேட்கட்டும், எனக்கு அதில் ஓர் ஆட்சேபனையும் இல்லை. மின்வெட்டில் வியர்த்துக் கிடக்கிறவளுக்கு மின்சாரம் வேண்டாமா? ஆனால் தன் பெயரைச் சொல்லித் தன் வாயால் கேட்கட்டும். மீன்காரனின் வாயை இரவல் வாங்கவேண்டாம். அவனுக்கு எதிர்க்கருத்து இருந்தால் அதைச் சொல்ல அவன் ஒரு கூட்டம் வைக்கமுடியாது; நாலு பேர் மரத்தடியில் நின்றாலே நேவி வந்து என்ன கதை என்று கேட்கிறது. கூட்டம் வைக்கிற அனுமதி உன் மன்றத்துக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்று நீ யோசித்தாயா? நான் யோசித்தேன்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நேற்றுக் காலை ஹனீபா நானாவின் கடைக்குப் போனேன். உனக்காகச் சனத்தைக் கூப்பிடத்தான் போனேன், பெற்ற மனம் கேட்குமா? பாலையூற்றில் ஒரு கூட்டம் இருக்கிறது, வரவேண்டும் என்றேன். அவருடைய முகம் இறுகியது.

"ஆருட கூட்டம் தங்கச்சி?"

"என்ர மகன்ர கூட்டம் நானா. அவனுக்கு உத்தியோகம் கிடைச்சிருக்கு."

"அட, நம்மட தம்பியோ!" மனிதர் தராசை வைத்துவிட்டு எழும்பி நின்றுவிட்டார். "அப்ப வராம இருப்பனா? கிண்ணியாவில இருந்து இன்னும் பத்துப் பேரக் கூட்டிட்டு வாறன்."

"நானா, அண்டைக்குக் கேக்க வெளிக்கிட்ட கேள்வி ஒண்டு இருக்கெல்லே, கடல் தண்ணியைப் பற்றி. அதை அவனிட்டக் கேளுங்கோ."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சீச்சீ, என்ன தங்கச்சி கதைக்கிறீங்க? தோளில வெச்சு வளத்த புள்ள. நாலு பேருக்கு முன்னால அவனக் கேள்வி கேட்டு மடக்குறதா? அவன் என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லிட்டு வருவன். உங்கட புள்ள பிழையானதுக்குப் போவானா?"

கடையை விட்டு வெளியில் வந்து உட்துறைமுக வீதி வெயிலில் நடந்து வரும்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அன்றைக்கு அவர் பயத்தில் வாயை மூடினார். இந்த முறை பாசத்தில் மூடப்போகிறார். ஞானராஜைப் போல ஒருவரை அனுப்பினால் இனி இந்த ஊர் கொஞ்சமாவது உசாராக இருக்கும். உட்துறைமுக வீதி அம்மாவின் மகனை அனுப்பினால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கொழும்பில் உன்னை விட வடிவாக ஆங்கிலம் கதைக்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களை விட்டுவிட்டு ஏன் உன்னை எடுத்தார்கள்? நேர்முகப் பரீட்சையில் உன் ஊரையும் உன் தாய் தகப்பன் என்ன செய்கிறார்கள் என்பதையும் விரிவாகக் கேட்டார்கள் என்று நீதானே பெருமையாகச் சொன்னாய். அவர்களுக்கு உன் படிப்புத் தேவைப்படவில்லை, மகனே. நான் தேவைப்பட்டேன். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. உன் கெட்டித்தனத்துக்குக் கிடைத்த வேலை என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழும்பிப் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "பெடியனை விடும். அந்தக் காட் இல்லாட்டி, வெள்ளவத்தையில ஒரு ரவுண்டப்பில..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திவிட்டார். அந்த வசனத்தை இந்த வீட்டில் ஒருவரும் முடிப்பதில்லை. அவர் சொல்வது சரி. எனக்கும் அதே பயம்தான், அவரை விடக் கூடத்தான். உத்தியோகம் போனால் இன்னொன்று வரும், அட்டை போனால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டதற்கு அதுதான் காரணம். வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. உன் மேலதிகாரியிடம் போய்க் கேள் என்கிறேன். எந்தக் கொம்பனிகள், அமைச்சில் எந்த வசனத்தை மாற்றச் சொல்லிக் கேட்கின்றன, அதைச் சனத்துக்கு முன்னால் சொல்ல எனக்கு அனுமதி உண்டா என்று கேள். ஓம் என்றால், பாலையூற்றில் எழும்பி நின்று முதலில் அதைச் சொல்லு, பிறகு மற்றதைக் கதை. உன் கருத்தோடு ஒத்துப்போகிறார்களா இல்லையா என்பதைச் சனம் பார்த்துக்கொள்ளும். ஏலாது என்றால், உன்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று உனக்கே தெரிந்துவிடும்.

நீ கேட்டபடி நான் சனத்தைக் கூப்பிட்டுவிட்டேன். நானா வருகிறார், பாலையூற்றில் தெரிந்தவர்கள் வருகிறார்கள், குச்சவெளிக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எல்லோரிடமும் இன்னொன்றையும் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் கேள்வி என்னுடையது. மற்றவர்களால் உன்னைக் கேட்கமுடியாது; ஒருவருக்குப் பயம், ஒருவருக்குப் பாசம். எனக்கு இரண்டும் இருக்கிறது, ஆனாலும் பெற்றவள் கேட்டால் யாரும் சாரத்தைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். முன்வரிசையில் இருந்து எழும்பி, வெளியாளிடம் கதைப்பது போல மரியாதையாகவே கேட்பேன். "தம்பி, நீங்கள் ஆர்ர காசில வந்தனீங்கள்?" நீ எனக்குப் பதில் சொல்லவேண்டாம், மண்டபத்தைப் பார்த்துச் சொல்லு.

பதில் சொல்ல விடமாட்டார்கள் என்றால் வெள்ளிக்கிழமை வராதே. வேறு யாரையாவது அனுப்பட்டும், அவரிடமும் கேட்பேன். நீ சனிக்கிழமை வா. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறாய் என்றால், பகல் பஸ்ஸில் ஏறி, ஏறின உடனே ஒரு தகவல் சொல்லு. நானும் அப்பாவும் கந்தளாய்ச் சாவடி வரைக்கும் வந்து நிற்போம். அங்கே இருந்து வீடு வரைக்கும் உன்னை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருத்திக் கூட்டிக்கொண்டு வருவோம். அந்தப் பிள்ளை யார் என்று எந்தச் சாவடியில் கேட்டாலும் நான் பதில் சொல்லுவேன்.

அம்மா